இந்தப் பிளக் பாயிண்ட் யாருக்கு?

சென்ற வாரம் கைதட்டிவிட்டுத்தான் பக்கத்தைப் புரட்டினோம். பன்னிரண்டு வருஷம் மரச்சாமான் ஃபேக்டரியில் ரம்பம் ஓட்டிய மூத்த மருமகளிடம், "மெஷினுக்குப் புது ஆளு வந்தாச்சு, நீ பாலிஷ் பக்கம் போயிடும்மா" என்று மேனேஜர் சொல்ல, அவள் ஏப்ரனைக் கழற்றி அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இடி விழும் என்று பார்த்தால், அவள் கணவர், கணக்கு வாத்தியார், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "பின்னாடி இருக்கற கார் ஷெட் இனிமே உன் பட்டறை" என்றார். இந்த வசனத்தைப் படித்துவிட்டு எத்தனை பேர் தங்கள் வீட்டில் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது.

ஷெட் தயாராகிவிட்டது. காரை விற்று ரொம்ப நாளாகிறது. புதிதாக ஜன்னல் வைத்து, தரைக்குச் சிமெண்ட் பூசி, கதவு மாட்டியாயிற்று. செகண்ட் ஹேண்டில் பிடித்த மேசை ரம்பமும் இழைப்பு மெஷினும் தார்ப்பாய்க்குள் தூங்குகின்றன. ஒரு நூலகத்துக்கு வாசிப்பு மேசைகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டும் ஆயிற்று.

மிச்சம் வயரிங்தான். வயரிங்கில் என்ன பெரிய கதை இருந்துவிடப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

காலையில் எலக்ட்ரீஷியன் வந்தபோது மூத்தவள் தரையில் அட்டை பரப்பிக்கொண்டிருந்தாள்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டை, பீரோ வந்த அட்டை என்று தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மெஷினின் அடியும் எவ்வளவு இடம் அடைக்குமோ அதே அளவுக்கு வெட்டி வைத்திருந்தாள். ஒன்றில் 'ரம்பம்', ஒன்றில் 'இழைப்பு', ஒன்றில் 'டிரில்', இருப்பதில் பெரியதில் 'வேலை மேசை' என்று எழுதியிருந்தது. அவற்றைத் தரையில் போட்டுவிட்டு, நீளமான ஒரு பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அட்டைக்கு அட்டை நடந்து பார்த்தாள். பலகையின் நுனி சுவரில் இடித்தால் அட்டையைக் காலால் தள்ளிப் போட்டாள். மறுபடி நடந்தாள். ஃபேக்டரியில் புது மெஷின் வரும்போதெல்லாம் அவள் இப்படித்தான் செய்வாள்.

எலக்ட்ரீஷியன் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னம்மா, பாண்டி ஆடறீங்களா?"

"மெஷினைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பாக்க முடியுமாண்ணே? அட்டைன்னா இடுப்பு புடிக்காது."

"நீங்க ஆடி முடிங்க. நான் அதுக்குள்ள சுவத்துல மார்க் பண்ணிடறேன். சின்ன சார் நேத்தே போன்ல அளவு அனுப்பிட்டார்."

சின்ன சார் என்பது அவள் கொழுந்தன். கட்டடக் கம்பெனியில் சூப்பர்வைசர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பெண் மட்டும் முடிவாகியிருக்கிறது. "அண்ணி, வயரிங் எல்லாம் எனக்குத் தினப்படி வேலை, நீங்க இதுல தலையைக் குடுக்காதீங்க" என்று அவர் சொன்னபோது, அவள் நிஜமாகவே தலையைக் கொடுக்காமல் இருந்துவிட்டாள். எங்கே பிளானைக் காட்டுங்கள் என்று கேட்டால், அண்ணிக்கு நம்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொள்வாரோ என்று ஒரு தயக்கம். மரியாதை பார்த்துக் கெட்டவர்களை வரிசையில் நிற்க வைத்தால், முன்வரிசை முழுக்க மூத்த மருமகள்களாகத்தான் இருப்பார்கள்.

எலக்ட்ரீஷியன் டேப்பை இழுத்துச் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டே போனார். அவள் பலகையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

உள்சுவரில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, இந்தப் பக்கம் ஒரு கட்டம், அந்தப் பக்கம் ஒரு கட்டம். எதிர்ச்சுவரில் நெஞ்சு உயரத்தில் மூன்று கட்டங்கள் ஒட்டி ஒட்டி. கூரைக்குப் பக்கத்தில் தனியாக ஒன்று. வேலை மேசை வர வேண்டிய ஜன்னல் சுவரில் பெயருக்குக்கூட ஒன்று இல்லை.

"அண்ணே, இவ்வளவு கீழ எதுக்கு? மரத்தூள் போய் அடைஞ்சுக்கும். பிளைவுட்டைச் சாத்தி வெச்சா பிளக் எங்க இருக்குன்னே தெரியாது. எனக்கு எல்லாமே வேலை மேசைக்கு ஒரு சாண் மேல வரணும்."

"அளவு இதாம்மா."

"ரம்பம் நடுவுல நிக்கப் போகுது. நாலு பக்கமும் பலகை போய் வரணும். அதுக்கு எங்க பாயிண்ட்?"

"சுவத்துலேர்ந்து ஒயர் இழுத்துக்க வேண்டியதுதான்."

ஃபேக்டரியில் அப்படி இழுத்துவிட்ட ஒயரில்தான் ஒருத்தர் கால் தடுக்கி, ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தின்மேல் கையை ஊன்றினார். ஓடிப்போய் மெஷினை அணைத்தது அவள்தான். அணைத்து என்ன பயன்? அதிலிருந்து தரையில் ஒயர் கிடந்தால் அவளுக்குப் பாம்பைப் பார்த்த மாதிரிதான்.

"அது வேணாம்ணே. அப்புறம், ரம்பமும் தூசி உறிஞ்சற மெஷினும் ஒண்ணாத்தான் ஓடும். ஒரே லைன்ல குடுத்தா தாங்காது. தனித்தனியா குடுத்திருக்காரா?"

அவர் செல்போனைக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். "எல்லாம் ஒரே லைன்தாம்மா. ஏசிக்கு மட்டும்தான் தனி லைன்."

"எதுக்கு?"

"ஏசிக்கு. மேல கட்டம் போட்டிருக்கேனே, அது ஏசி பாயிண்ட். சின்ன சாருக்கு நல்ல மனசும்மா. அண்ணிக்கு வேர்க்கக் கூடாதுன்னு நெனச்சிருக்கார்."

"மரத்தூள் பறக்கற எடத்துல ஏசி போட்டா ஒரே வாரத்துல செத்துப்போயிடும். அது அவருக்குத் தெரியாதா?"

"எனக்கு வந்தது அளவு மட்டும்தாம்மா. இன்னைக்கே காடி எடுத்து, பைப்பைப் புதைச்சு, சாயந்திரத்துக்குள்ள பூசி முடிச்சிடணும்னு சொல்லியிருக்கார்."

சுவரில் பைப் ஓடுவதற்கு வெட்டும் பள்ளம்தான் காடி. அதை மூடிப் பூசிவிட்டால், அப்புறம் ஒரு பாயிண்டை ஒரு முழம் நகர்த்தவும் சுவரை உடைக்க வேண்டும். மூத்தவள் போனை எடுத்தாள்.

"அண்ணி, சைட்ல இருக்கேன், சொல்லுங்க."

"தம்பி, பாயிண்டெல்லாம் எடம் மாறியிருக்கு. நீங்க ஒரு நடை வந்து பாத்துட்டீங்கன்னா..."

"எதுவும் மாறல அண்ணி. அதான் ஸ்டாண்டர்டு. எல்லா ரூமுக்கும் அப்படித்தான்."

"இது ரூம் இல்ல தம்பி. பட்டறை."

"சுவர்னா சுவர்தானே அண்ணி! நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. சாயந்திரம் நானே வரேன், நேர்ல பேசிக்கலாம்."

பூசி முடித்த பிறகு நேரில் பேசி என்ன ஆகப்போகிறது? அதைக் கேட்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

மூத்தவள் கோபத்தை அடக்கிக்கொண்டு, கொழுந்தனுக்கு ஒரு நியாயம் கண்டுபிடிக்கப் பார்த்தாள். தன் அட்டைகளை அவர் போட்ட கட்டங்களுக்கு ஏற்ற மாதிரி நகர்த்திப் பார்த்தாள். ரம்பத்தை உள்சுவரோரம் போட்டால் பலகை வெளியே வர வழியில்லை. இழைப்பு மெஷினை எதிர்ச்சுவரில் போட்டால் கதவு திறக்காது. டிரில்லை எங்கே போட்டாலும் இருட்டு. இது தெரியாமல் செய்த தப்பாகவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால்கூட ஒன்றாவது தப்பித்தவறிச் சரியான இடத்தில் வந்திருக்குமே! இது யாரோ, எதற்கோ, நன்றாக யோசித்துக் குறித்த மாதிரி இருந்தது.

அப்போது எலக்ட்ரீஷியன் உள்சுவரின் தாழ்ந்த கட்டத்தை ஒட்டி இன்னொரு கட்டம் போட்டார்.

"இது என்னண்ணே?"

"லைட் சுவிட்ச். வாசல்ல ஒண்ணு, இங்க ஒண்ணு. ரெண்டு எடத்துலேர்ந்தும் அணைச்சுக்கலாம்."

"இவ்வளவு தாழ்வாவா?"

"அந்த உயரத்துலதாம்மா வெப்பாங்க. படுத்துக்கிட்டே அணைக்கறதுக்கு."

சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். அவள் அங்கேயே நின்றாள். பிறகு டேப்பை வாங்கி, தாழ்ந்த கட்டங்கள் இரண்டுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தாள். எண்ணைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆறடிக் கட்டில், இரண்டு பக்கமும் சின்ன மேசை, மேசைக்கு ஒரு விரற்கடை மேலே பிளக். ஃபேக்டரியில் அந்தக் கட்டிலைத்தான் அவள் வருஷம் முழுக்கச் செய்துகொண்டிருந்தாள். பக்கத்து மேசையின் உயரம் அவள் கைக்கே தெரியும்.

'வேலை மேசை' என்று எழுதிய அட்டையைத் திருப்பிப் போட்டு, இரண்டு கட்டங்களுக்கும் நடுவே சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். அச்சாகப் பொருந்தியது. எதிர்ச்சுவரின் மூன்று கட்டங்களும் டி.வி.க்கு. காலை நீட்டிப் படுத்தால் நேரே முகத்தில் அடிக்கும்படி மேலே ஏசி.

"ஏண்ணே," என்றாள் மூத்தவள், "பலகை இழைக்கறவ படுத்துக்கிட்டா இழைப்பா?"

எலக்ட்ரீஷியன் அட்டையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேம்மா" என்றார்.

அவள் நேரே மாமியாரிடம் போனாள். யாராக இருந்தாலும் அங்கேதான் போவார்கள். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் இந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட இறங்காது என்பதை இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமியார் கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஷெட்ல கட்டில் போடறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எந்தக் கட்டில்?"

"ஒண்ணுமே தெரியாத மாதிரி கேக்காதீங்க அத்தை. நான் அந்த எடத்தைக் கூட்டித் துடைச்சு, ஜன்னல் வெச்சு, கதவு மாட்டற வரைக்கும் பேசாம பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

மாமியார் மடித்த போர்வையைத் தொப்பென்று போட்டார். "இந்தா, எனக்குத் தெரிஞ்சா தெரியும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். உன்னைப் பாத்து எனக்கென்னடி பயம்? என்னைப் பாத்துத்தான் இந்த வீட்டுல எல்லாரும் பயப்படணும். எங்க இருக்கு அந்தக் கட்டில், காட்டு!"

காட்டினாள். மாமியார் சுவரைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். புரியவில்லை. மருமகள் சொல்லச் சொல்ல, புடவையைச் செருகிக்கொண்டு அந்த அட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். சுவரில் சாய்ந்தார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். விரல் சாக்பீஸ் கட்டத்தில் போய் முட்டியது.

"அட, எட்டுதே!" என்றார்.

அடுத்த நொடி அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "சின்னவனுக்கா? அப்ப அவன் தனிக்குடித்தனம் போகலையா?"

மறைக்காமல் சொல்ல வேண்டும், அந்த வெளிச்சம் மூத்தவளைச் சுட்டது. மாமியார்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. அவர் சந்தோஷப்படுவது தப்பும் இல்லை. ஆனாலும் தன் பட்டறை போனதற்கு ஒருத்தர் இப்படிச் சந்தோஷப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியவில்லை.

நல்ல வேளை, வெளிச்சம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. மாமியாருக்கு யோசனை அடுத்த படிக்குப் போய்விட்டது.

"இரு இரு. சின்னவன் வாடகை வீடு பாக்கறேன்னு சொன்னதிலேர்ந்து நான் சாப்பாடு எறங்காம மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கேன். இங்க ஏசி வரைக்கும் குறிச்சு வெச்சிட்டு, ஒரு பய வாயைத் திறக்கலையே! அழட்டும்னு விட்டுட்டானுங்களா?"

"உங்களுக்கும் தெரியாதா அத்தை?"

"தெரிஞ்சா ஏன்டி அழறேன்?"

"மன்னிச்சிடுங்க. நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்."

"அது உன் தப்பில்ல. எப்பவும் நான்தானே பண்ணுவேன்" என்றார் மாமியார். "இந்தத் தடவை எவன் பண்ணினான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் மதியம் சைக்கிளில் வந்தது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். வாத்தியார் சைக்கிளை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பையோடு நேரே ஷெட்டுக்கு வந்தார்.

"ஆஹா, வேலை ஆரம்பிச்சாச்சு போல!"

உள்ளே அம்மா அட்டைமேல் உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரீஷியன் டீ குடித்துவிட்டு வந்து ஜன்னலோரம் ஒதுங்கி நின்றிருந்தார். நடுவில் மனைவி.

"என்னங்க, ஒரு கணக்கு கேக்கறேன், சொல்லுங்க. ஏசி ஒண்ணு. டி.வி. ஒண்ணு. தலைமாட்டுல சுவிட்ச் ஒண்ணு. கூட்டினா என்ன வரும்?"

வாத்தியார் கூட்டவில்லை. சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அது... தம்பிதான் ஏதோ..."

"அவன்மேல போடாதேடா," என்றார் மாமியார். "அவனுக்குச் சொந்தமா யோசிக்கத் தெரிஞ்சா நான் ஏன் கவலைப்படறேன்?"

அம்மாவுக்கு முன்னால் பொய் சொல்லி வாத்தியாருக்குப் பழக்கமில்லை. "நான்தான் சொன்னேன்" என்றார் கடைசியில்.

சென்ற வாரம் கைதட்டினோமே, அந்தக் கைகளை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கொடுத்த மனிதர், ஒருத்தருக்கும் தெரியாமல் உட்கார்ந்து திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"நீ தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் அவர். "நான் உன்னை வேணாம்னு சொன்னேனா? தாராளமா பண்ணு. ஒருவேளை சரிப்பட்டு வரலைன்னா, மறுபடி சுவரை உடைச்சு, மறுபடி பூசி... எதுக்கு ரெண்டு வேலை? எதுக்கும் இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

"எத்தனை நாள் குடுத்தீங்க எனக்கு?"

"நாளெல்லாம் ஒண்ணும் குறிக்கல."

"தம்பிக்கு எப்ப கல்யாணம்?"

மாமியார் சொன்னார். "ஆறு மாசத்துல."

"அப்ப ஆறு மாசம்," என்றாள் மூத்தவள். "முதல் மேசைக்குப் பாலிஷ் காயறதுக்குள்ள நான் தோத்துடுவேன்னு முடிவு பண்ணிட்டீங்க."

"அப்படி இல்லம்மா. இனிமே ஒரே சம்பளம். எனக்கும் பயம் இருக்காதா?"

"பயமா இருக்குன்னு என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே! ராத்திரி சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். நானும் பயந்துக்கிட்டுதான் இருக்கேன், ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம். அதை விட்டுட்டு, நான் தோத்தா எங்க கட்டில் போடறதுன்னு ஏசி வரைக்கும் யோசிச்சிருக்கீங்க. ஜெயிச்சா ரம்பத்தை எங்க சொருகறதுன்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா?"

எலக்ட்ரீஷியன் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் பரவாயில்லைங்க," என்றாள் அவள். "பாலிஷுக்குப் போன்னு நேரா சொன்னார். பட்டறைன்னு பேர் வெச்சுக் கட்டிலைக் காட்டல."

"கொஞ்சம் மெதுவா பேசு," என்றார் வாத்தியார். "சாயந்திரம் அவங்க வேற வர்றாங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கணக்கு வாத்தியார்களுக்கும் அது பொருந்தும்.

"எவங்க?"

"பொண்ணு வீட்ல. தம்பி கூட்டிட்டு வரான். ரூமை... எடத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போறோம்னாங்க."

அதனால்தான் இன்றைக்கே காடி, இன்றைக்கே பூச்சு. மூத்தவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமியார் அட்டையிலிருந்து எழுந்தேவிட்டார். "என் வீட்டுக்குச் சம்பந்தி வர்றாங்க, எனக்கு இப்பத்தான் தெரியுது! நான் இந்த வீட்டுல யாருடா? வாடகைக்கு இருக்கேனா?"

"அம்மா, நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு கடைசியில சொல்லலாம்னு..."

"சந்தோஷத்தைத் தேதி பாத்து டெலிவரி பண்ணுவீங்களோ?"

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூத்தவள் உள்சுவருக்குப் போய், தாழ்ந்த கட்டங்களை உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள். எதிர்ச்சுவரை அழித்தாள். ஸ்டூலில் ஏறி ஏசியை அழித்தாள். இறங்கி, எலக்ட்ரீஷியனிடம் கையை நீட்டினாள்.

"சாக்பீஸைக் குடுங்கண்ணே."

அவர் வாத்தியாரைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார். அவள் ஜன்னல் சுவரில், வேலை மேசை உயரத்துக்கு ஒரு சாண் மேலே, வரிசையாகக் கட்டம் போட்டுக்கொண்டு போனாள். இழைப்பு மெஷினுக்குத் தனி லைன். தூசி மெஷினுக்கு மூலையில் தனி லைன். கையில் பலகை இருந்தாலும் முழங்கையால் தட்டி அணைக்கிற மாதிரி, கதவுப் பக்கம் ஒரு பெரிய சுவிட்ச். பிறகு 'ரம்பம்' என்று எழுதிய அட்டையை எடுத்து ஷெட்டின் நட்டநடுவில் போட்டு, அதன் ஓரமாகத் தரையில் ஒரு கட்டம் போட்டாள்.

"இங்க தரையை வெட்டுங்க. ரம்பத்துக்குப் பாயிண்ட் தரையிலேயே வரட்டும். ஒயர் ஒரு முழம்கூட வெளிய தெரியக் கூடாது."

"நடுத்தரையிலயா?" என்று பதறினார் வாத்தியார். "கட்டில் கால் அங்கதானே வரும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

எலக்ட்ரீஷியன் தரையில் குந்திப் பார்த்தார். "செய்யலாம்மா. மூடி போட்ட பாக்ஸ் இருக்கு, தூள் போகாது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நடுவுல பாக்ஸ் வந்துட்டா, அப்புறம் இந்த எடத்தை வேற எதுக்கும் வெச்சுக்க முடியாது. கட்டில் போட்டா ஆடும், நடந்தா கால் தட்டும்."

"அதுக்குத்தான்ணே."

வாத்தியார் அம்மா பக்கம் திரும்பினார். வேறு வழியில்லாத பிள்ளைகள் எல்லாரும் எந்த வயதிலும் திரும்புகிற பக்கம் அதுதான். "அம்மா, வீடு உங்க பேர்ல இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாமியார் நடுத்தரைக் கட்டத்தைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் தான் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவரைப் பார்த்தார். சின்ன மகனும் வரப்போகிற மருமகளும் இந்தக் கொல்லையிலேயே வளைய வருவது அவருக்குக் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். கண் ஓரம் நனைந்துதான் இருந்தது.

"கட்டில் போட என்னைக் கேக்கல," என்றார். "பள்ளம் தோண்ட மட்டும் என்னைக் கேக்கறியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "இது சரின்னு அர்த்தமா, வேணாம்னு அர்த்தமாம்மா?"

"வேணாம்னா எங்க அத்தை வேணாம்னுதான் சொல்லுவாங்க."

"இருந்தாலும் சார் ஒரு வார்த்தை..."

சார் சாப்பாட்டுப் பையை மறுபடி கை மாற்றினார். சரி என்று சொல்லத் தைரியம் இல்லை, வேண்டாம் என்று சொல்ல முகம் இல்லை. மூத்தவள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, எலக்ட்ரீஷியனின் கட்டிங் மெஷினைத் தானே எடுத்துத் தரையில் வைத்து அழுத்தினாள். போன வாரம் பூசிய சிமெண்ட் கிழிந்தது. ஷெட் முழுக்க வெள்ளைத் தூசி கிளம்பியது. வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். ஆனால் போய்விடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சதுரத்தின் நான்கு பக்கமும் வெட்டி முடித்தபோது எலக்ட்ரீஷியன் உளியோடு பக்கத்தில் வந்து குந்தினார். "கோடு நேராத்தான் போகுது. ஆனா ஆழம் பத்தாது. தள்ளுங்க, பைப் போற வழியை நான் எடுக்கறேன்."

இரண்டு பேரும் சேர்ந்து தரையை உடைத்தார்கள். வெயில் சாய்கிற நேரத்தில், பள்ளத்தில் பைப் உட்கார்ந்து, பாக்ஸுக்கு இடம் எடுத்து முடிந்திருந்தது. மூத்தவள் பள்ளத்தில் சேர்ந்த கல்லை அள்ளிக்கொண்டிருக்கும்போது வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"இந்தப் பக்கம்தான், வாங்க வாங்க," என்று கொழுந்தனின் குரல். "தனி வழி, தனி வாசல். யாரும் யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல."

முதலில் பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து நேரே வந்திருக்க வேண்டும், வெள்ளை ஷூவைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் அவள் அம்மா. அவர்களுக்குப் பின்னால் கொழுந்தன். உள்ளே எட்டிப் பார்த்த கொழுந்தனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அழிந்த சுவரையும், நடுவில் கிடந்த பள்ளத்தையும், பள்ளத்துக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்த அண்ணியையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

பெண் மட்டும் எதையும் கவனிக்கவில்லை. மூத்தவளைக் கண்டதும் நேரே அவளிடம் வந்தாள். தூசியைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீங்களே முன்வந்து, எனக்கு வேணாம், சின்னவங்க இருக்கட்டும்னு இந்த எடத்தை எங்களுக்குக் குடுத்துட்டீங்களாமே! அதைக் கேட்டப்புறம்தான் எங்க வீட்ல கல்யாணத்துக்கே சம்மதிச்சாங்க. இந்தக் காலத்துல யாருக்கா இப்படிக் குடுப்பாங்க?"

அந்தப் பெண்ணின் கை சூடாக இருந்தது. முகத்தில் கள்ளம் இல்லை. கோபப்படுவதற்கு அங்கே இடமே இல்லை, அதுதான் மூத்தவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் மூக்கில் கட்டியிருந்த துணியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"யாரும் குடுக்க மாட்டாங்கம்மா," என்றாள். "நானும் குடுக்கல."

பெண் அவள் கையை விடவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பி, வாசலில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள்.